பேரேட்டில் ஏறாத பெயர்கள்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் புதிதாக ஒருவர் சேருகிறார் என்றால் அங்கே முதலில் நடைபெறுவது யாது? அவருடைய பெயர், தந்தையின் பெயர், ஊர், செய்தொழில் ஆகியவை அங்கத்தினர் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. பங்குத் தொகை எத்துணைச் சிறியதாயினும் பெயர் எழுதாமல் பணம் பெறுவதில்லை. அவர் நெய்து கொடுத்த சேலையும், விளைத்துக் கொணர்ந்த கிழங்கும், வாங்கிய கடனும் அந்தப் பெயரின் கீழ்த்தான் வரவாகவும் பற்றாகவும் ஏறுகின்றன. அவர் காலமாகிவிட்டாலும் கணக்கு அவரோடு மறைந்துவிடுவதில்லை. வாரிசுதாரர் வந்து கையெழுத்திடும் வரையில் சங்கம் அதனைக் காத்து நிற்கிறது. பெயருக்கு நாம் அளிக்கும் இம்மதிப்பே கூட்டுறவின் அடிப்படை என்று கூறினும் மிகையாகாது.

ஆனால், பெயரைக்கூட எழுதி வைக்காமல் பல்லாயிரம் உயிர்கள் செலவழிக்கப்பட்ட காலம் ஒன்று நம் நாட்டிற்கு இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நம் கிராமத்து இளைஞர் பலர் பட்டாளத்தில் சேர்ந்தும், அதற்கு முன்பே தோட்டக் கூலிகளாகச் சென்றும், கிழக்குக் கடலுக்கு அப்பால் ஜப்பானியரின் கையில் அகப்பட்டனர். அவர்களுள் திரும்பி வந்தோர் சிலர்; வாராதார் பலர். அவர்களைப் பற்றி நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கு எழுதுகிறோம். பழைய கதையைச் சொல்லிப் பொழுது போக்குவது நம் நோக்கமன்று. இதில் நாம் இன்றும் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது.

மலைக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் திருப்புலி நாடும் ஒன்று. காரவல்லியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, திருப்புலி நாடு என்று பழம்பெயர்களைத் தாங்கிய ஊர்த்தொகுதிகளைக் காணலாம். யுத்த காலத்தில் இம்மலை சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1997 ஜனவரி முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. சாமை, தினை, கேழ்வரகு, பலா, வாழை, மிளகு ஆகியவை இம்மலையின் பழைய செல்வங்கள். இன்றோ சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதியை மரவள்ளி, அதாவது நாம் குச்சிக்கிழங்கு என்று வழங்கும் பயிர், பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் குச்சிக்கிழங்கிற்கும் பசிபிக் யுத்தத்திற்கும் நேரான தொடர்பு உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? யுத்தத்திற்கு முன்பு நம் நாட்டார் உண்ட ஜவ்வரிசி மலேயாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. 1942 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாடுகள் ஜப்பானியர் வசமானதும் வரத்து நின்றது. அடுத்த ஆண்டு, 1943 இல், சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்தவரும் அங்கே ஜவ்வரிசி செய்யும் முறையைக் கண்டறிந்திருந்தவருமான போபட்லால் ஷாவும் சேர்ந்து, மரவள்ளிக் கிழங்கின் மாவைக் கொண்டு சேலத்திலேயே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். அச்சிறு தொடக்கமே பின்னர் நூற்றுக்கணக்கான ஆலைகளாகப் பெருகியது. 1981 இல் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் சேலத்தில் அமைந்தது. திருப்புலி நாட்டுக் குடியானவர் இன்று கிழங்கு பிடுங்கி லாரியில் ஏற்றுகிறார் என்றால், அதன் பின்னே சிங்கப்பூரின் வீழ்ச்சி நிற்கிறது.

கிழங்கு நம்மிடம் வந்த அதே காலத்தில் நம் பிள்ளைகள் அங்கே சென்று சிக்கிக்கொண்டனர். வந்த பொருளின் கணக்கு நம்மிடம் இருக்கிறது. சென்ற மக்களின் கணக்குத்தான் இல்லை.

சென்றவர் யாவர்?

சென்றோர் இருவகையினர். முதல் வகையினர் பட்டாளத்தார். 1920-களில் சிக்கனத்தின் பெயரால் சென்னைக் காலாட்படைப் பிரிவுகளைச் சர்க்கார் கலைத்துவிட்டிருந்தது. தென்னாட்டார் போர்க்குணம் உடையவரல்லர் என்ற தவறான கொள்கையும் அன்றைய ஆங்கில அதிகாரிகளிடம் வேரூன்றியிருந்தது. பெங்களூரில் நிலைகொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படை மட்டும் தமிழ் இளைஞர்களுக்கு நீண்டகாலமாகத் திறந்திருந்த வாயிலாகும். பாலம் கட்டுதல், பாதை போடுதல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகிய வேலைகளில் தேர்ந்த அப்படையினரைத் 'தம்பி' என்றே பிற படையினரும் அழைப்பர். 1939 இல் யுத்தம் மூண்டபோது ஏறத்தாழ 2 லட்சம் பேர் கொண்டிருந்த இந்திய ராணுவம், 1945 இல் 25 லட்சமாகப் பெருகியது. ஆள் தேவை மிகவே பழைய கொள்கை காற்றில் பறந்தது. தமிழ் ஜில்லாக்கள் எங்கும் ஆள்சேர்ப்பு அதிகாரிகள் வலம் வந்தனர். சென்னைக் காலாட்படை மீண்டும் எழுப்பப்பட்டது.

எவரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கவில்லை என்று ஏடுகள் கூறும். உண்மையே. ஆயினும் வயிற்றின் கட்டாயத்தை எந்த ஏட்டில் எழுதுவது? 1930-களின் மந்தத்தில் விளைபொருளின் விலை சரிந்து, குடியானவர்கள் கடனில் மூழ்கியிருந்தனர். தறிக்காரர் வீட்டு நிலையும் மேலானதன்று. 1941 இல் ஜப்பானோடு வாணிபம் அறுந்தபோது அங்கிருந்து வந்த செயற்கைப் பட்டு நூலும் நின்றது. யுத்தம் முற்ற முற்ற மில் நூலும் அரிதாயிற்று. மாதம் இருபது ரூபாய்க்கும் குறைந்த சம்பளமாயினும், உணவும் உடையும் அளித்து, ஒரு பகுதியை வீட்டிற்கு மணியார்டராக அனுப்பவும் வழிசெய்த பட்டாள வேலை, பல குடும்பங்களுக்கு அடுப்பெரியும் வழியாகத் தோன்றியது.

இரண்டாம் வகையினர் தோட்டத் தொழிலாளர். யுத்தத்திற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே சேலம், திருச்சி, தஞ்சாவூர், வடஆற்காடு ஜில்லாக்களின் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டி மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய அவர்கள் பினாங்கில் இறங்கினர். பட்டாளத்தானுக்குத் துப்பாக்கி, தோட்டத்தானுக்குப் பால் வெட்டும் கத்தி. இரண்டும் ஒரே தீயில் விழவிருந்தன என்பதை அன்று எவரும் அறியார்.

சிங்கப்பூர் வீழ்ந்தது

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலேயாவின் வடகிழக்கே கோத்தபாரு கடற்கரையில் இறங்கியது. அங்கே அதனை முதலில் எதிர்த்து நின்றவர்கள் இந்திய வீரர்களே. பயிற்சி முற்றாத புதிய ஆட்கள், டாங்கிகள் இல்லாத சேனை, போதிய விமானங்கள் இல்லாத வானம் என்று குறைகள் பலவாக, எழுபதே நாட்களில் மலேயா முழுவதும் கைவிட்டுப் போயிற்று. 1942 பிப்ரவரி 15 அன்று ஜெனரல் பெர்சிவல் சிங்கப்பூரை ஜப்பானிய ஜெனரல் யாமஷிதாவிடம் ஒப்படைத்தார். பிரிட்டிஷ் சேனையின் வரலாற்றில் அதைப் போன்ற பெருஞ் சரணாகதி முன்பு நிகழ்ந்ததில்லை என்பர்.

இரண்டு நாட்கள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, இந்தியப் படையினரை மட்டும் பிரித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் கூட்டினர். ஏறத்தாழ நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே தரையில் அமர்ந்திருந்தனர். ஓர் ஆங்கில அதிகாரி, இனி ஜப்பானியரின் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று கூறி அவர்களை ஒப்படைத்துவிட்டுச் சென்றார். பின்னர் மேஜர் ஃபுஜிவாராவும் காப்டன் மோகன் சிங்கும் பேசினர். இந்திய தேசிய ராணுவத்தின் விதை அம்மைதானத்தில் ஊன்றப்பட்டது. நேற்று வரையில் யாருடைய உப்பை உண்டார்களோ அவர்களே தங்களை மாடு கைமாற்றுவது போல ஒப்படைத்துவிட்டார்கள் என்ற எண்ணம் அங்கிருந்தோர் மனத்தை எவ்வாறு வருத்தியிருக்கும் என்பதை நாம் உணரலாம்.

அவர்களுள் ஒரு பகுதியினர் தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பின்னர், மலேயாத் தோட்டங்களின் தமிழ் இளைஞரும் இளம்பெண்களும் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்து பெரும் புகழ் பெற்றதை நாடறியும். மற்றொரு பகுதியினர், செய்த சத்தியத்தை மீறலாகாது என்றோ, ஜப்பானியரை நம்பலாகாது என்றோ, வேறு காரணத்தாலோ சேராமல் யுத்தக் கைதிகளாகவே நின்றனர். இவர் சரி, அவர் பிழை என்று இன்று தீர்ப்புக் கூறுவது நமக்குத் தகாது. இரு சாராரும் வீட்டைப் பிரிந்தவர்களே; இரு சாராரும் துன்புற்றவர்களே. எனினும் முதற் சாராரின் கதை பாடப் புத்தகத்தில் ஏறியது. இரண்டாம் சாராரின் கதை எங்கும் ஏறவில்லை. ஆகவே அவர்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவோம்.

தீவுகளில் நடந்தது

1943 ஆம் ஆண்டில் இக்கைதிகளுள் பல்லாயிரவரைக் கப்பல்களில் ஏற்றி நியூ கினியா, நியூ பிரிட்டன் முதலிய பசிபிக் தீவுகளுக்கு ஜப்பானியர் அனுப்பினர். அவர்களைக் கைதிகளாகக் கருதாமல் தங்கள் சேனையின் வேலைக் கூட்டமாகவே நடத்தினர். விமானத் தளம் சமன் செய்தல், கப்பலிலிருந்து மூட்டை இறக்குதல், காட்டு வழியே சுமை தூக்குதல் ஆகியவை அவர்களுக்கு இடப்பட்ட வேலைகள்.

கப்பற் பயணத்திலேயே பலர் மடிந்தனர். 1943 ஜனவரி 26 அன்று நியூ கினியாவுக்கு வடக்கே, வாஹூ என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் புயோ மாரு என்ற ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்தது. அக்கப்பலில் பஞ்சாப் படையைச் சேர்ந்த 491 இந்தியக் கைதிகள் இருந்தனர் என்பதைத் தாக்கியவர்கள் அறியவில்லை. இந்தியர் 195 பேர் அன்று உயிரிழந்தனர். எவனுக்காகப் போர் செய்யப் புறப்பட்டார்களோ அவனுடைய நேச நாட்டின் குண்டினாலேயே மாண்டனர் என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை உறுத்துவதாகும்.

அதே ஆண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 3,000 இந்தியக் கைதிகள் நியூ கினியாவின் வடகரையிலுள்ள வேவாக் என்னுமிடத்தில் இறக்கப்பட்டனர். கொல்லிமலையிலிருந்து அவ்விடம் கடல் வழியே ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஓயாத மழை, அடர்ந்த காடு, சதுப்பு, கொசு. மலைக்காய்ச்சலின் கொடுமை நம் கொல்லிமலையாருக்குப் புதிதன்று. முற்காலத்தில் அடிவாரத்து மக்கள் காய்ச்சலுக்கு அஞ்சியே மலையில் இரவு தங்கமாட்டார்கள். அத்தகைய காய்ச்சலோடு, வயிற்றுக் கடுப்பும், சத்தின்றிக் கால் வீங்கும் பெரிபெரி நோயும் சேர்ந்துகொண்டால், மருந்தும் இல்லையாயின், உடல் எத்தனை நாள் தாங்கும்? 1944 இல் நேச நாட்டுப் படைகள் கடல் வழியை அடைத்துவிடவே, ஜப்பானியருக்கே அரிசி வருவது நின்றது. காவலனுக்கே உணவில்லாதபோது கைதிக்கு எங்கே கிடைக்கும்? அவ்வட்டாரத்தின் செபிக் ஆற்றங்கரை மக்கள் சவ்வரிசிப் பனையின் தண்டை இடித்து மாவெடுத்து உண்பவர்கள். நம் ஜவ்வரிசிக்குப் பெயர் கொடுத்த மரம் அதுவே. அம்மாவும், காட்டுக் கிழங்கும், கீரையும், புல்லுமே பலருக்குக் கடைசி உணவாயின.

அந்த மூவாயிரவருள் உயிரோடு மீண்டவர் இருநூறு அளவினரே. 1945 செப்டம்பர் மாத இறுதியில், யுத்தம் முடிந்து ஒரு மாதத்திற்கும் மேலான பின்னர், செபிக் ஆற்றங்கரையில் அங்கோரம் என்ற இடத்தில் எலும்பும் தோலுமாயிருந்த பதினொரு இந்தியர்களை ஆஸ்திரேலியர் கண்டெடுத்தனர். அவர்களின் தலைவர் ஜமேதார் சிந்த் சிங் என்ற வடநாட்டு வீரர். அவர்களுள் பத்துப் பேர் அதே ஆண்டு தாயகம் திரும்பும் வழியில் விமான விபத்தில் மாண்டனர். சாட்சி கூறுவதற்காக நிறுத்தி வைக்கப்பட்டமையால் சிந்த் சிங் ஒருவரே தப்பினார். தம் தோழர்கள் பட்ட பாட்டை அவர் எழுத்தில் அளித்தார். யுத்தக் குற்ற விசாரணையில் சாட்சியம் கூறினார். அவர் ஒருவர் பிழைத்து எழுதியிராவிடில், வேவாக்கில் நடந்ததில் பெரும்பகுதி அக்காட்டோடே புதைந்திருக்கும்.

நியூ பிரிட்டன் தீவின் ராபவுலில் 1945 செப்டம்பர் 6 அன்று ஜெனரல் இமாமுரா சரணடைந்தபோது, அங்கே பல ஆயிரம் இந்தியக் கைதிகள் உயிரோடிருந்தனர். பின்னர் ராபவுலில் ஆஸ்திரேலியர் நடத்திய விசாரணைகளுள் கணிசமானவை இந்தியக் கைதிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைப் பற்றியவை.

ரயில் பாதையில் நடந்தது

இனித் தோட்டத்தாரின் கதைக்கு வருவோம். சயாமிலுள்ள பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரையில் 415 கிலோமீட்டர் தூரத்திற்கு, மலையையும் காட்டையும் பிளந்து ஒரு ரயில் பாதை போட ஜப்பானியர் முடிவு செய்தனர். 1942 இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. வெள்ளைக்காரக் கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோரும், தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் ஆகிய ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரும் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். மலேயாவிலிருந்து சென்றவர்களுள் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். நல்ல கூலி, குறைந்த கெடு என்று ஆசை காட்டி முதலில் அழைத்தனர். போனவர் திரும்பாமையைக் கண்டு மற்றவர் தயங்கியபோது வலுவில் பிடித்துச் சென்றனர்.

இங்கே நம் அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. வெள்ளைக்காரக் கைதிகளுள் இறந்தோர் பன்னீராயிரத்துக்கு மேல். அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் தொண்ணூறாயிரம் என்பது பலர் ஏற்கும் மதிப்பு. அதாவது இருவரில் ஒருவர் என்னும் அளவு. ஒரே காடு, ஒரே மழை, ஒரே வாந்திபேதி, ஒரே காவலன். பின் எதனால் இவ்வேற்றுமை?

படைக் கைதிகளுக்கு ஓர் அமைப்பு இருந்தது. அவர்களோடு அவர்களுடைய மருத்துவர்கள் இருந்தனர். அதிகாரிகள் தமக்குக் கிடைத்த சொற்பப் படியில் ஒரு பகுதியைப் பொது நிதியாகத் திரட்டி நோயாளிகளுக்கு முட்டை வாங்கிக் கொடுத்தனர். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்பதை ஒழுங்காக நிறைவேற்றினர். இறந்தவன் பெயர், எண், நாள், புதைத்த இடம் ஆகியவற்றை மறைவாகவேனும் எழுதி வைத்தனர். தோட்டத்துத் தமிழனுக்கோ மருத்துவனில்லை, தலைவனில்லை, பொது நிதியில்லை, எழுதி வைப்பாரும் இல்லை. தனித்தனி ஆளாகப் பிடிபட்டான். தனித்தனி ஆளாகவே மாண்டான். உடுக்கத் துணியின்றிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தவர்கள் அவர்களுள் பலர். தறியில் அமர்ந்து ஊருக்கு உடை நெய்யும் நம் நெசவாளத் தோழர்கள் அந்நிலையை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களாக.

கூடி நின்றோருக்கு உயிரும் ஓரளவு மிஞ்சியது, பெயரும் மிஞ்சியது. கூடி நிற்க வகையற்றோர் இரண்டையும் இழந்தனர். கூட்டுறவைப் பற்றி நாம் ஆயிரம் சொற்பொழிவுகள் கேட்டிருக்கலாம். அவற்றுள் எதுவும் இந்தக் கணக்கைப் போல் நம் உள்ளத்தில் பதியாது.

வீட்டில் இருந்தோர்

சென்றவர் நிலை இதுவாக, வீட்டிலிருந்தோர் நிலை என்ன? சிங்கப்பூர் வீழ்ந்ததும் கடிதம் நின்றது. மலேயாவிலிருந்து தோட்டத்து மகன் அனுப்பிய மணியார்டரும் நின்றது. பட்டாளத்தான் வீட்டிற்குச் சர்க்காரிடமிருந்து வந்த செய்தி பெரும்பாலும் ஒரே சொல்தான்: 'காணவில்லை'. இறந்தான் என்றால் அழுது கருமாதி செய்யலாம். இருக்கிறான் என்றால் காத்திருக்கலாம். காணவில்லை என்பதற்கு என்ன செய்வது? தாலியைக் கழற்றுவதா, வேண்டாமா? நிலத்தைப் பாகம் பிரிக்கும்போது அவன் பங்கை ஒதுக்குவதா, வேண்டாமா? அச்சொல் நுழைந்த வீடுகளில் ஆண்டுக்கணக்கில் இவ்வினாக்கள் உறங்காமல் இருந்தன.

யுத்தம் வீட்டு வாசலுக்கும் வந்தது. பர்மா வீழ்ந்ததும் அந்நாட்டு அரிசி நின்றது, பங்கீடு வந்தது. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தின் மீதும் காக்கிநாடாவின் மீதும் குண்டு விழுந்தது. சென்னை நகரத்து மக்கள் பெட்டி படுக்கையோடு உள்நாட்டிற்கு ஓடி வந்தனர். உலகத்துக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாத் தீவில் விளைந்த சிங்கோனாவிலிருந்து வந்தமையால், அத்தீவு வீழ்ந்ததும் காய்ச்சல் மருந்துக்குப் பஞ்சம் உண்டாயிற்று. நீலகிரியில் நடுவட்டத்துச் சர்க்கார் ஆலையின் கொயினா இருந்தும் தேவைக்குப் போதவில்லை. நியூ கினியாவில் மகனும், மலையடிவாரத்தில் தாயும் ஒரே காய்ச்சலில், ஒரே மருந்தின்றிக் கிடந்திருக்கக்கூடிய காலம் அது. 1943 இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நூல் பங்கீட்டிற்காக நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களை நாடிய காலமும் அதுவே. நம் சங்கங்களின் வளர்ச்சியிலும் அந்த யுத்தத்தின் சுவடு உண்டு என்பதை மறக்கலாகாது.

பெயர் பொறித்த கற்களும் பொறியாத இடங்களும்

யுத்தம் ஓய்ந்த பின்னர், இறந்த படைவீரர்களுக்குக் காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணையம் நினைவிடங்கள் அமைத்தது. சிங்கப்பூரின் கிராஞ்சியில், கல்லறை இன்னதென்று அறியப்படாத 24,000-க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியர் பெயர்கள் அவற்றுள் மிகப் பல. நியூ கினியாவின் லே நகரத்துக் கல்லறையிலும், ராபவுல் அருகிலுள்ள பீட்டா பாக்காவிலும் இந்தியக் கைதிகள் துயில்கின்றனர். அவர்களுள் பெயர் அறியப்படாதோர் பலர். சயாமின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 படை வீரர்களின் கல்லறைகள் புல்வெளியில் வரிசை வரிசையாக நிற்கின்றன. அதே பாதையில் அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக மாண்ட தோட்டத் தமிழருக்கோ பெயர் பொறித்த கல் ஒன்றுகூட அங்கே எழவில்லை.

முந்திய யுத்தத்தின் நினைவாகத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் சர்க்கார் பதித்த கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். இவ்வூரிலிருந்து 1914-1919 யுத்தத்திற்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று அவை கூறும். எண் உண்டு, பெயர் இல்லை. கல் பதித்தவர்களுக்கு எண் போதுமானதாக இருந்தது. பெற்றவளுக்குப் போதுமோ?

இவற்றோடு நம் பழைய மரபை ஒப்பிட்டுப் பாருங்கள். சேலம், தருமபுரிப் பகுதிகளில் நடுகற்கள் ஏராளம். ஆநிரை மீட்கச் சென்று வீழ்ந்த ஒருவனையும் அவன் ஊரார் மறவாமல், அவன் பெயரையும், யாருடைய மகன், எந்தப் பூசலில் பட்டான் என்பதையும் கல்லில் பொறித்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயர்களை இன்று நாம் படிக்கிறோம். எண்பது ஆண்டுகளுக்கு முன்பு சென்ற நம் பாட்டனின் பெயரைப் படிக்க முடியவில்லை. 2023 ஆம் ஆண்டில், தாய்லாந்து, மலேசியத் தமிழர்களின் முயற்சியாலும் தமிழ்நாடு அரசின் உதவியாலும், காஞ்சனபுரியில் ரயில் பாதையில் மாண்ட தமிழர் நினைவாக ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழித்தேனும் அது எழுந்தமைக்கு மகிழ்கிறோம். அக்கல்லில் எழுதத்தக்க பெயர்களைத் தேடித் தருவது அவர்கள் புறப்பட்ட ஊர்களின் கடமையாகும்.

பணத்தாலும் இவர்களுக்குப் பெரும் ஈடு கிடைத்ததில்லை. 1952 ஜூன் 9 அன்று ஜப்பானோடு தனி உடன்படிக்கை செய்துகொண்ட நம் நாடு, யுத்த நஷ்டஈடு கோரும் உரிமையை நட்பின் பொருட்டு விட்டுக்கொடுத்தது. அந்தப் பெருந்தன்மை நாட்டிற்கு அழகே. ஆயினும் கைதியாக மூன்றரை ஆண்டுகள் வாடியவன் வீட்டுக் கணக்கில் அது வரவாக ஏறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

இவற்றையெல்லாம் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவதோடு நின்றால் பயனில்லை. அன்று புறப்பட்டவர்களுள் இன்று உயிரோடிருப்போர் அரியர். தந்தையின் முகத்தை நினைவில் வைத்திருக்கும் மக்களுக்கே எண்பது வயது கடந்துவிட்டது. இன்னும் சில ஆண்டுகளில் கேட்பதற்கு ஆளிருக்காது. ஆகவே, திருப்புலி நாடு முதலிய மலை நாடுகளிலும், காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம், இராசிபுரம் முதலிய அடிவாரத்து ஊர்களிலும் உள்ள நம் அங்கத்தினர்களுக்குச் சில யோசனைகளைப் பணிவுடன் கூறுகிறோம்.

ஒவ்வொரு சங்கமும் ஒரு நோட்டுப் புத்தகத்தை இதற்கென ஒதுக்கட்டும். அதில் ஐந்து விவரங்கள் போதும்: பெயர், தகப்பனார் பெயர், ஊர், பட்டாளமா தோட்டமா, கடைசியாகச் செய்தி வந்தது எப்போது. திரும்பி வந்தவரையும் எழுதுக, வாராதவரையும் எழுதுக. தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர், சேராதவர் என்ற வேறுபாடு வேண்டாம். சென்றவர் பெண்ணாயின் அவரையும் விடாமல் எழுதுக. சாதியைக் கேட்க வேண்டியதில்லை.

வீட்டுப் பரணில் கிடக்கும் தகரப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பட்டாளத்து விடுதலைச் சீட்டு, பதக்கம், மணியார்டர் துண்டு, மலேயாவிலிருந்து வந்த கடிதத்தின் உறை ஆகியவற்றுள் எது கிடைப்பினும் எறியாமல் காத்து வையுங்கள். பட்டாளத்து எண் ஒன்று கிடைத்தால் அதுவே பெரிய திறவுகோல். யுத்தக் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் பெயர் கொடுத்து இலவசமாகத் தேடலாம். எழுத்துக் கூட்டும் முறை அன்று தாறுமாறாக இருந்தமையால், ஒரே பெயரைப் பலவாறு எழுதித் தேட வேண்டும். படித்த பிள்ளைகள் ஓய்வு நாளில் ஒரு மணி நேரம் இதற்குச் செலவிடலாம். இரண்டாம் உலக யுத்தத்தில் பணியாற்றி, ராணுவ ஓய்வூதியம் பெறாத படைவீரர்களின் விதவையருக்குத் தமிழ்நாடு அரசு மாத உதவி அளித்து வருகிறது. அத்தகைய மூதாட்டியார் எவரேனும் உங்கள் ஊரில் இன்னும் இருப்பாராயின், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு அவரை அழைத்துச் செல்வது சங்க நிர்வாகிகளின் முதற் கடமை.

நோட்டுப் புத்தகம் நிறைந்த பின்னர், அடுத்த பேரவைக் கூட்டத்தில், வரவு செலவுக் கணக்கு வாசிக்கும் முன்பாக, அப்பெயர்களை ஒரு முறை உரக்கப் படியுங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை. தீர்மானமும் தேவையில்லை. ஊரார் எழுந்து நின்று கேட்டால் போதும். படித்த பெயர்களின் பிரதி ஒன்றை இப்பத்திரிகைக்கு அனுப்பினால், குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஊர்வாரியாக இப்பக்கங்களில் வெளியிடுவோம். பேரேட்டில் விடுபட்ட ஒரு வரவைக் கண்டால் பதிந்து கணக்கை நேராக்குவது நம் சங்கங்களின் வழக்கம். இதுவும் அத்தகைய வேலைதான். அதனை இந்த ஆண்டிலேயே தொடங்குவோம்.